பொயிலரைத் திருத்துவதா, மாற்றுவதா? முதலில் கணக்கைப் பாருங்கள்

பிரித்தானியாவில் ஒக்டோபர் பிறந்தால் எங்கட கனபேர் வீடுகளில் ஒரு வாக்குவாதமும் பிறந்துவிடும். பழைய பொயிலர் இந்தக் குளிருக்குத் தாங்குமா? "ஓடுமட்டும் ஓடட்டும், தம்பி" என்பார் அப்பா. "உதை எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுங்கோ" என்பார்கள் இங்கே வளர்ந்த பிள்ளைகள். இரண்டு பக்கமும் கணக்குப் பார்ப்பதில்லை. வயதை மட்டும் காரணமாக வைத்துப் பொயிலரை மாற்றத் தேவையில்லை. அது நின்றுபோகும் நாள்வரை முடிவைத் தள்ளிப்போடவும் கூடாது என்பதே என் கருத்து.

"புதுசு போட்டால் பில் பாதியாகும்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். போட்டுப் பார்ப்போம். ஒரு வீடு வருடத்துக்கு 12,000 யூனிட் காஸ் எரிக்கிறது, யூனிட் 6 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பில் 720 பவுண்ட்ஸ். 75 வீதத் திறனில் ஓடும் பழைய பொயிலரை எடுத்துவிட்டு 90 வீதத் திறனுள்ளதைப் போட்டால், அதே சூட்டுக்கு 10,000 யூனிட் போதும். மிச்சம் 120 பவுண்ட்ஸ். பூட்டுக்கூலியோடு 2,500 பவுண்ட்ஸ் கொடுத்தாலும், அந்தக் காசு திரும்பிவர இருபது வருடம் செல்லும். பொயிலரின் ஆயுளோ பொதுவாக 10 முதல் 15 வருடம்தான். 2005 ஏப்ரலுக்குப் பிறகு பூட்டியவை அநேகமாக கண்டென்சிங் ரகம். அவற்றை மாற்றினால் மிச்சம் இன்னும் குறைவு.

அப்போ எப்ப மாற்றுவது? தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒழுகினால், உதிரிப்பாகம் கிடைக்காமல் போனால், இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது பெரிய செலவு வந்தால். மற்றப்படி திருத்தலாம்.

என் வீட்டுப் பொயிலர் 2010இல் பூட்டியது. சென்ற வருடம் குழாயில் சுடுதண்ணி வந்தது, ரேடியேட்டர் சூடாகவில்லை. வந்த முதல் ஆள் மூடியைக்கூடக் கழற்றாமல், "வயசு போட்டுது, மாத்துங்கோ அண்ணை" என்றார். இரண்டாவது ஆள் கழற்றி, டைவேர்ட்டர் வால்வ் இறுகியிருப்பதைக் காட்டினார். 260 பவுண்ட்ஸோடு வேலை முடிந்தது. 2,800 பவுண்ட்ஸ் பொயிலர் 14 வருடம் ஓடினால் வருடத்துக்கு 200 பவுண்ட்ஸ். இந்தத் திருத்தம் இரண்டு குளிர்காலம் தாங்கினாலே வருடத்துக்கு 130தான்.

ஆனால் ஒரு விடயத்தில் கணக்கே பார்க்கக் கூடாது. "தெரிஞ்ச பெடியன், காசாகக் குடுத்தால் மலிவாகச் செய்வான்" என்ற பேச்சை எங்கட ஒன்றுகூடல்களில் அடிக்கடி கேட்கிறேன். காஸ் சேஃப் பதிவு இல்லாதவர் கூலிக்குக் காஸ் பொயிலரில் கை வைப்பது சட்டவிரோதம். அவருடைய அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தையும் பாருங்கள். எந்த வேலைக்குத் தகுதி என்று அதில் இருக்கும். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் இருபது, முப்பது பவுண்ட்ஸுக்குக் கிடைக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை காஸ் பாதுகாப்புச் சோதனை செய்வித்து, அதன் பிரதியை உங்களுக்குத் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. "அவரும் எங்கட ஆள், எப்பிடிக் கேக்கிறது?" என்று கூசாதீர்கள். உறங்குவது உங்கள் பிள்ளைகள்.

ஜனவரியில் பொயில‌ர் நின்று, வயதான அம்மா போர்வைக்குள் நடுங்கும்போது, முதலில் வருபவர் நீட்டும் தாளில்தான் கையெழுத்து வைப்பீர்கள். மூன்று இடத்தில் விலை கேட்க அப்போது நேரம் இராது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஹீட் பம்புக்கு அரசு தரும் 7,500 பவுண்ட்ஸ் மானியத்தை யோசிக்கவும் நேரம் இராது.

ஆகவே ஜூலையிலேயே சர்வீசுக்கு ஆளைக் கூப்பிடுங்கள். எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது, அது இன்னும் சந்தையில் கிடைக்குமா, மாற்ற எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். பதில்களை எழுதி வைத்து, அப்பா அம்மாவும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பாருங்கள். பில்லுக்குப் பயந்து குளிரில் இருக்கும் பெற்றோருக்கும், தூரத்தில் இருந்து யோசிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு தாள் போதும்.