படிக் கணக்கும் எடைக் கணக்கும்

நம் கடைகளுக்கு வரும் தாய்மார்களில் பலர் இன்றும் மனத்துக்குள் படியிலும் ஆழாக்கிலும்தான் கணக்குப் போடுகிறார்கள். இளையவர்களோ கைபேசியைப் பார்த்து "இரண்டு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை" என்கிறார்கள். நாம் கொடுப்பது கிலோ, கிராம். 1958-இல் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கி, கடையை விட்டுப் படி போய்விட்டது. அடுப்படியை விட்டு இன்னும் போகவில்லை.

இதில் நமக்கென்ன என்று சில வியாபாரிகள் கேட்கிறார்கள். பழி நம் தராசின் மேல் அல்லவா விழுகிறது! 200 மி.லி. டம்ளர் என்றால் 200 கிராம் என்றே பலரும் நினைக்கிறார்கள். தண்ணீருக்கு அது சரி. அதே டம்ளரில் பச்சரிசி 160 முதல் 170 கிராம்தான் பிடிக்கும். சர்க்கரையும் ஏறக்குறைய 170. சலித்த மைதா 100, 110-ஐத் தாண்டாது. அழுத்தி நிரப்பினால் கூடும். தூள் உப்போ 240 கிராம் வரை போகும். ஒரு படி அரிசியை மில்லில் கொடுத்தால் மாவு ஒரு படிக்கு மேல் வருகிறது, எடை மட்டும் கூடுவதில்லை. இது தெரியாமல் கடையில் மாவு வாங்கி முறுக்குப் பிழிந்து, பக்குவம் தவறினால், "அந்தக் கடை மாவு சரியில்லை" என்ற பேச்சுத்தான் தெருவில் மிஞ்சும்.

எண்ணெயில் சிக்கல் இன்னும் பெரிது. ஒரு லிட்டர் பாக்கெட்டைத் தராசில் வைத்து 910 கிராம்தானே என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. சூடேறினால் விரிந்து, லிட்டருக்கு எடை மேலும் குறையும். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம் அளவே. சில கம்பெனிகள் அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் என்று அச்சிட்டதால்தான், வெப்பநிலை போடாமல் அளவையும், கூடவே எடையையும் அச்சிடும்படி மத்திய அரசு 2022-இல் அறிவுறுத்தியது. பாக்கெட்டில் இரண்டும் இருக்கிறதா என்று கொள்முதலின்போதே பார்த்துவிடுவது நல்லது.

டின் வாங்கும்போதும் அப்படியே. 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னின் எடை 13 கிலோ 650 கிராம் சுமார். இரண்டுக்கும் 1 கிலோ 350 கிராம் வித்தியாசம். "டின் என்ன விலை?" என்று மட்டும் கேட்டு, விலை குறைவென்று மகிழ்ந்து வாங்கி வருகிற சில்லறை வியாபாரிக்கு இலாபமே அதில் போய்விடும்.

வாடிக்கையாளர் கேட்காததை நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. பெரிய அங்காடிகளில் பேசுவதற்கு ஆளில்லை, நம்மிடம் இருக்கிறோம். கல்லாப்பெட்டிக்கு அருகில் ஒரு சிறு பலகை போதும். அச்சடித்த பட்டியலை அப்படியே எழுத வேண்டாம். படி ஊருக்கு ஊர் மாறும். பழைய அரிசியும் புது அரிசியும் ஒன்றல்ல. நம் சரக்கையே டம்ளரில் தலைவழித்து அளந்து, மூன்று முறை எடை போட்டு, "சுமார்" என்ற சொல்லோடு எழுதுவோம். புதுச் சரக்கு வந்ததும் திரும்ப அளந்து திருத்த வேண்டும். அதற்காக டம்ளரால் அளந்து விற்றுவிடக் கூடாது. விற்பனை முத்திரையிட்ட தராசில்தான்.