சல்லரியும் டிறம்ஸும்

தாளம் என்னும் சொல் நம் மொழியில் இரு பொருள் தருவது. பாட்டின் காலக்கணக்கு ஒன்று. அக்கணக்கை ஒலித்துக் காட்டும் வெண்கலக் கருவி மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே பெயரிட்ட முன்னோர், வெண்கலம் எதற்காக ஒலிக்கவேண்டும் என்பதையும் அப்பெயரிலேயே சொல்லிவைத்தனர் போலும்.

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் டிறம்ஸ் வைத்து இசைக்குழு நடத்த விரும்பும் இளைஞர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. சேர்த்த பணமோ மட்டானது. தோல்வாத்தியங்களை வாங்கியபின் தட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம். தனித்தட்டாகத் தொங்கி வெடிக்கும் கிறாஷை வாங்குவதா? மிதிகட்டையால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டாகிய ஹைஹற்றை வாங்குவதா? இவ்வினாவோடு என்னிடம் வந்த பிள்ளைகள் அனைவரும் கிறாஷின் பக்கமே நின்றனர். அதில் வியப்பில்லை. கடையில் ஒருமுறை அடித்துப் பார்த்தால் உள்ளத்தைக் கொள்ளைகொள்வது அதுதான்.

நான் ஹைஹற்றின் கட்சி.

நமது கூத்தைப் பாருங்கள். வட்டக்களரியிலே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். அருகே ஒருவர் சல்லரி போடுவார். மத்தளம் பேசும், சீறும், சிலவேளை அடங்கும். சல்லரியோ தாளத்தை விட்டுவிடலாகாது. கைக்கடக்கமான இரண்டு வெண்கலக் கிண்ணங்கள், அவ்வளவே. விட்டுத் தட்டினால் நாதம் நீளும். பொத்தித் தட்டினால் அறுந்து நிற்கும். இந்த நீட்டலிலும் அறுத்தலிலுமே ஆட்டக்காரனின் கால் தன் அடியைக் கண்டுகொள்கிறது. ஹைஹற் செய்வதும் இதுவன்றோ? அங்கே கை செய்வதை இங்கே கால் செய்கிறது. மேனாட்டில் 1920களில் தரையோடொட்டிய மிதிதாளமாகத் தொடங்கி, பின்னரே கோலால் அடிக்கத்தக்க உயரத்துக்கு எழுந்த கருவி அது.

இன்னொரு காரணம், என் நோக்கில் இதைவிடப் பெரியது. கிறாஷின் இரைச்சல் பாடுவோர் வாயிலிருந்து வரும் மெய்யெழுத்துக்களை விழுங்கிவிடும். உயிரொலி மட்டும் மிதந்து வரும். தருவின் சொல் விளங்காவிட்டால் நம் ஊர் மூதாட்டியர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவர். அவர்களைக் குறைகூற இயலுமா? அவர்கள் வந்தது கதை கேட்க.

கூத்துப் பாட்டுக்கு டிறம்ஸே ஆகாது என்று சினப்போரும் உளர். அவர்களோடும் நான் உடன்படேன். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். விடிய விடிய ஆடியது சுருங்கிற்று. நாற்புறமும் சூழ்ந்திருந்து பார்த்தது ஒருபுறமிருந்து பார்ப்பதாயிற்று. கூத்து அழிந்துபோகவில்லை. களரி மாறலாம், நேரம் குறையலாம், தோலும் மாறலாம். ஆடுவோன் காலுக்கு அடி சொல்லும் வெண்கலம் மட்டும் இல்லாமற் போகலாகாது.

கிறாஷுக்கு இடமே இல்லை என்பதன்று. அரசன் வரவிலும், போர்த்தரு முடிந்து தீர்மானம் விழும் இடத்திலும் ஒரு வெடிப்புச் சிறக்கும். ஆனால் ஓர் இரவில் அத்தகைய இடங்கள் எத்தனை? அவ்விடங்களில் ஹைஹற்றைப் பாதி திறந்து ஓங்கி அடித்து உடனே மிதித்து மூடினால் ஏறக்குறைய அந்த ஓசை கிடைத்துவிடும். கிறாஷைக்கொண்டு இரவு முழுதும் நுணுக்கமாகக் கணக்குச் சொல்ல இயலாது.

வாங்குவோர் 14 அங்குலச் சோடியாகப் பார்க்கட்டும். புதிய பித்தளைத் தட்டைவிட, செம்பு 80 பங்கும் வெள்ளீயம் 20 பங்கும் கலந்த பழைய வெண்கலத் தட்டு மேல். விளிம்பிலும் நடுத்துளையிலும் வெடிப்பில்லையா என்று விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். கீழ்த்தட்டைத் திருகாணியால் சற்றே சாய்த்துவைத்தால் மூடும்போது காற்று அடைபடாது. பணம் மிஞ்சுமாயின் ஒரு சோடிச் சல்லரியும் வாங்கலாம். அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுக்கும்போது தேவைப்படும்.