ஓட்டை அடைபட்டதா? கேட்டுத் தெரிந்துகொள்வது யார் கடமை?

கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையில் இருந்து ஒரு தாய் பஸ் ஏறுகிறாள். கள்ளக்குறிச்சிக்குப் போகிறாள். மகன் கல்லூரியில் சேர வேண்டும். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடி மக்களுக்கு அந்தச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும்.

மலையில் இருந்து இறங்கியதில் அன்றைய கூலி போயிற்று. அலுவலகத்துக்குப் போனால், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை.

"நாளைக்கு வாருங்கள் அம்மா" என்கிறார் எழுத்தர்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், நடக்கவே முடியாத காட்சி அல்ல. பக்கத்து மாநிலத்தில் இதுபோல நடந்தே இருக்கிறது.

வயநாட்டில் நடந்தது

2017-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி, திங்கட்கிழமை. கேரளத்தில் வயநாடு மாவட்டம். அதுவும் மலைநாடுதான். அங்கே தரியோடு என்ற ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைத் திறந்தார்கள். கோப்புகள் திறக்கவில்லை. அவை பூட்டப்பட்டிருந்தன. "பணம் கொடுத்தால் திறப்போம்" என்று திரையில் மிரட்டல் வந்தது.

பூட்டியவன் யார்? எங்கோ கண்காணாத இடத்தில் இருந்தவன். அவன் ஏவிவிட்ட கெட்ட புரோகிராமுக்கு "வான்னாகிரை" என்று பெயர். மே 12-ந் தேதி அது பரவத் தொடங்கியது. சில நாட்களில் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகளையே அது முடக்கியது. அங்கே 19 ஆயிரம் நோயாளிகளின் சிகிச்சைகளும் சந்திப்புகளும் தள்ளிப்போயிருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. இந்த நோய்க்கு மருந்து முன்பே வந்துவிட்டது! மைக்ரோசாப்ட் கம்பெனி அந்த மருந்தை மார்ச் 14-ந் தேதியே வெளியிட்டது. நோய் வந்தது மே 12-ந் தேதி. இடையில் 59 நாட்கள் இருந்தன. அந்த 59 நாட்களில் மருந்தைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள்.

ஒட்டு என்றால் என்ன?

கம்ப்யூட்டரை நடத்துவது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் என்பவை எல்லாம் இயங்குதளங்கள். அதை எழுதுகிறவர்களும் மனிதர்கள்தாம். எழுதும்போது எங்கோ ஓர் ஓட்டை விழுந்துவிடுகிறது. அந்த ஓட்டை வழியாகத் திருடன் நுழைகிறான். அதை அடைக்க, எழுதியவர்களே ஒரு துண்டு அனுப்புகிறார்கள். அதுதான் பேட்ச். தமிழில் ஒட்டு என்று சொல்லலாம். கிழிந்த சட்டைக்குத் துணி வைத்துத் தைப்பது போல.

மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அன்று ஒட்டுகளை வெளியிடுகிறது. 2003-ம் ஆண்டில் இருந்து இது வழக்கம். ஒட்டு வெளியாகும்போது, ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதனால், அன்றில் இருந்து ஓட்டப்பந்தயம்தான்.

கேட்டால் சொல்லும்

ஒரு கம்ப்யூட்டர் என்றால் பார்த்துக்கொள்ளலாம். நூறு, ஆயிரம் என்று இருந்தால்? ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் உட்கார முடியுமா?

அதற்கு வழி வந்துவிட்டது. பெரிய கம்ப்யூட்டர்களை இப்போது கிளவுடு கம்பெனிகள் வாடகைக்கு விடுகின்றன. அமேசான் அவற்றில் ஒன்று. அந்தக் கம்ப்யூட்டர்களோடு பேசுவதற்கு, முன்பே எழுதிவைத்த கட்டளைகளின் தொகுப்பு உண்டு. இதை நிரல் நூலகம் என்பார்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு அச்சடித்த படிவம் உதவுகிறது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அமேசானின் நிரல் நூலகம் ஒன்றுக்குப் "போட்டோ-3" என்று பெயர். புகைப்படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அமேசான் ஆற்றில் நீந்தும் ஒருவகை டால்பினின் பெயர் அது! இந்த நூலகத்தைக் கொண்டு, "இந்த இயங்குதளத்துக்கு என்னென்ன ஒட்டுகள் வந்துள்ளன? அவற்றில் மிக அவசரமானவை எவை?" என்று சில வரிகளில் கேட்டுவிடலாம். உடனே பட்டியல் வருகிறது.

ஏமாறக் கூடாத மூன்று இடங்கள்

கேட்பது எளிது. கேட்டுவிட்டு ஏமாறுவதும் எளிது.

முதலாவது: பட்டியல் முழுவதும் ஒரே தடவையில் வராது. ஒரு பக்கம் வரும். கூடவே ஒரு டோக்கன் வரும். அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பக்கம் வரும். டோக்கன் வருவது நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பக்கத்தோடு எழுந்து போனவர், அவசர ஒட்டு பத்தாம் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வார்?

இரண்டாவது: "ஒட்டு வந்திருக்கிறது" என்பது வேறு. "ஒட்டு போட்டாயிற்று" என்பது வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே, இரண்டாவது கேள்வியும் கேட்க வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரில் எந்த ஒட்டு போடப்பட்டது? எது விடுபட்டது? எது தோற்றது? எது போடப்பட்டும், கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி தொடங்காததால் காத்திருக்கிறது? இத்தனையையும் அதே நூலகம் சொல்லும்.

மூன்றாவது: பட்டியல் வெறுமையாக வந்தால், எல்லாம் நலம் என்று பொருள் அல்ல. விண்டோஸ்-7-க்கு வழக்கமான ஒட்டுகள் 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதியோடு நின்றன. விண்டோஸ்-10-க்கு வழக்கமான இலவச ஒட்டுகள் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றன. வைத்தியர் வருவதை நிறுத்திவிட்டார் என்பதால் நோயாளிக்குக் குணமாகிவிட்டதா? இல்லையே!

எதிர்க் கேள்வி

"ஒட்டு போட்டதாலேயே கம்ப்யூட்டர் கெட்டுப்போனால்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி கிரவுடுஸ்டிரைக் என்ற காவல் மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. அதில் பிழை இருந்தது. உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதி அட்டை கொடுத்தார்கள்.

ஆனால், இதற்கு விடை "போடாதே" என்பது அல்ல. "பார்த்துப் போடு" என்பதே. முதலில் ஒரு கம்ப்யூட்டரில் போட வேண்டும். சில நாட்கள் பார்க்க வேண்டும். பிறகு மற்றவற்றில் போட வேண்டும். அமேசானும் தன் விண்டோஸ் ஏற்பாட்டில் முக்கியமான பாதுகாப்பு ஒட்டுகளுக்கு ஏழு நாள் தவணை வைத்திருக்கிறது. ஏழு நாள் பொறுப்பது எச்சரிக்கை. 59 நாள் தூங்குவது அலட்சியம்.

மலைக்கும் இது வேண்டும்

2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. விழுப்புரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த மக்கள் மகிழ்ந்தார்கள். அலுவலகம் அருகில் வந்தது. அது இயங்கவும் வேண்டும் அல்லவா?

இன்று ரேஷன், சான்றிதழ், பட்டா, உதவித்தொகை எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். ஆகவே, ஒட்டு விஷயம் பட்டணத்துப் படித்தவர்களின் விஷயம் அல்ல. சாமை விளைவிக்கிற, கடுக்காய் பொறுக்குகிற மலைவாசியின் விஷயம். பட்டணத்தில் ஒருநாள் கம்ப்யூட்டர் நின்றால் சலிப்பு. மலையில் இருந்து வந்தவருக்கு அது பட்டினி.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு அலுவலகத்திலும் இதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். "எல்லோரும் பார்ப்பார்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். மாதம் ஒரு முறை ஒட்டுப் பட்டியல் கேட்கப்பட வேண்டும். விடுபட்டவை எத்தனை என்று மேலதிகாரியிடம் சொல்லப்பட வேண்டும். கோப்புகளுக்கு ஒரு நகல் தனியே இருக்க வேண்டும்.

மலையில் இணையம் மெதுவாக வரும். அதுவும் ஒரு சாக்கு ஆகாது. ஒரு கம்ப்யூட்டர் இரவில் ஒட்டை இறக்கிக்கொண்டு, பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

வீட்டிலும் இதே கதைதான். கையில் உள்ள செல்போனும் கம்ப்யூட்டரே. அதிலும் "புதுப்பிப்பு வந்திருக்கிறது" என்று அறிவிப்பு வருகிறது. "பிறகு பார்க்கலாம்" என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். வீட்டில் பிள்ளைகளை அழைத்து, "ஒட்டு ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேட்கச் சொல்லலாம்.

மழைக்கு முன்பே கூரை வேய்வது மலை மக்களின் வழக்கம். மழை கொட்டும்போது யாரும் கீற்றுத் தேடி ஓடுவதில்லை. அந்த அறிவு அலுவலகங்களுக்கும் வந்துவிட்டால், வெள்ளிமலைத் தாய் சான்றிதழோடு மாலை பஸ்ஸில் வீடு திரும்புவாள்.