துருவுக்கு யார் காரணம்?

கருக்களாச்சேரி கடற்கரைக்குப் போனா எல்லாரும் செல்ஃபி எடுக்கிறோம். அடுத்த தடவை போகும்போது கரையில கிடக்கிற துருப்பிடிச்ச ஆணி ஒண்ணையும் எடுத்துப் பாருங்க. முதலாமாண்டு கெமிஸ்ட்ரியில நாம மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்துபோன பாடம் அதுலதான் இருக்கு.

ஆக்சிஜனேற்றம்னா என்னன்னு கேட்டா, "ஆக்சிஜன் சேர்றது"ன்னு சொல்றவங்க இன்னும் நம்ம வகுப்புல இருக்காங்க. பெயரே அப்படித்தானே இருக்கு! ஆனால் சூடான இரும்பைக் குளோரின் வாயுவில் வைத்தாலும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அங்கே ஆக்சிஜனே கிடையாது. எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஒன்று நடந்தால் மற்றொன்றும் நடந்தே ஆகணும். வாங்க ஆள் இல்லாமல் யாரும் கொடுக்க முடியாது.

இப்போ அந்த ஆணிக்கு வருவோம். கொடுப்பது இரும்பு. வாங்குவது ஈரத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். அப்போ உப்பு? அது எலக்ட்ரானை வாங்குறதே இல்ல. தண்ணீரில் அயனிகள் சுலபமாக ஓட வழி பண்ணிக் கொடுத்து, வேலையை வேகப்படுத்துகிறது. திருடன் ஆக்சிஜன், உப்பு வெறும் புரோக்கர்!

இது புரிந்தால் தீர்வும் தானாகப் புரியும். பெயின்ட் அடித்தால் ஆக்சிஜனும் ஈரமும் இரும்பை நெருங்காது. இரும்புப் படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்தினால், இரும்புக்குப் பதில் அது எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைந்துபோகும்.

இதெல்லாம் எதுக்கு, பாஸ் ஆனா போதாதான்னு கேக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு காரைக்கால் கடலோரத்தில் நிறைய கான்கிரீட் வீடுகள் எழும்பின. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்தே கான்கிரீட் வெடிக்கும், கூரைப்பூச்சு பெயர்ந்து தூங்குறவங்க தலைமேல விழும். நாளைக்கு அந்தக் கலவைக்குச் சரி சொல்லிக் கையெழுத்துப் போடப் போறது நாமதான்.

அதனால என் கோரிக்கை ஒண்ணுதான். லேப்ல பெர்மாங்கனேட் டைட்ரேஷனோட இதையும் சேருங்க. மூணு பாட்டில்ல கடல் தண்ணி, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆணி. ஒன்று வெறும் ஆணி, ஒன்றில் துத்தநாகத் துண்டு சுற்றியது, இன்னொன்றில் செம்புக் கம்பி சுற்றியது. எது முதல்ல துருப்பிடிக்கும்னு முன்கூட்டியே எழுதி வைக்கணும். ஒரு வாரம் கழிச்சுப் பாக்கணும்.

துருவைப் படிக்க 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கு. துரு நம்ம வாசல்லயே இருக்கு. ரெக்கார்டு நோட்டுல மட்டும்தான் இல்ல.