மாற்றுமுன் அளந்து பார்!



"பட்டன் வேலை செய்யலையா? சுவிட்சை மாத்து. அப்பவும் சரியாகலையா? அடுத்ததை மாத்து!" பல ஒர்க்‌ஷாப்புகளில் இன்று நடக்கும் வைத்தியம் இதுதான். வண்டிக்காரர் காசில் ஆடும் சூதாட்டம் என்றே இதைச் சொல்வேன்.

எங்கள் வெண்ணந்தூர் விசைத்தறிக்காரர்களைப் பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால், எந்த இழை என்று தேடிப்பிடித்து முடிச்சுப் போடுவார்கள். பாவையே அறுத்துப் போட மாட்டார்கள். என் அப்பாவும் அப்படித்தான். காலேஜ் வாசலை மிதிக்காத அவருக்குத் தெரிந்த இந்த நியாயம், டிப்ளமோ படிக்கும் நமக்குத் தெரிய வேண்டாமா?

வாடகைக் கார் ஓட்டும் என் சித்தப்பாவின் வண்டியில் ஹாரனும் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்களும் வேலை செய்யவில்லை. ஓர் ஒர்க்‌ஷாப்பில் சுவிட்ச் செட்டை மாற்றினார்கள். பணம் போனது, பழுது போகவில்லை! பிறகுதான் தெரிந்தது, அறுந்தது கிளாக் ஸ்பிரிங். சுழலும் ஸ்டியரிங்குக்கும் அசையாத காலத்துக்கும் நடுவே சுருண்டிருக்கும் பட்டையான கேபிள்தான் அது. ஹாரன், பட்டன், ஏர்பேக் எல்லாவற்றின் மின்சாரமும் அந்த வழியாகத்தான் போகிறது. இரண்டு வேலை ஒன்றாக நின்றால், இரண்டுக்கும் பொதுவான பாதையைத்தானே முதலில் சந்தேகப்பட வேண்டும்?

சோதிப்பது பெரிய வித்தை இல்லை. பல கார்களில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு அளவில் ரெசிஸ்டர் இருக்கும். எத்தனை ஓம் என்பதை வைத்தே எந்தப் பட்டன் என்று யூனிட் புரிந்துகொள்கிறது. சுவிட்ச் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். மேனுவலில் உள்ள அளவு ஆடாமல் வந்தால் சுவிட்ச் நல்லது. அளவு தாவினால் கான்டாக்டில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம். சுவிட்ச் நல்லதென்றால் கனெக்டரைத் திரும்ப மாட்டி, காலத்தின் கீழ்ப்பக்கத்தில் அதே அளவை எடுங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பும்போது அளவு விட்டுப் போனால் கேபிள் அறுந்திருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் பட்டன் தகவல் டிஜிட்டலாகப் போகும். அங்கே ஸ்கேனரும் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்கு டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். ஏர்பேக்கில் மீட்டரை வைக்கவே கூடாது. மீட்டரின் சிறு மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கே உயிருக்கே ஆபத்து!

இதைப் போர்டில் எழுதிப் போட்டால் போதாது. பழைய வண்டியிலிருந்து ஏர்பேக் நீக்கிய ஒரு ஸ்டியரிங் செட்டும், இரண்டு பேருக்கு ஒரு மல்டிமீட்டரும் நம் லேபுக்கு வேண்டும். மாணவர் மன்றம் இதைக் கோரிக்கையாக எடுத்துப் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். சொந்தமாக மீட்டர் வாங்க முடியாத வீடுகளிலிருந்து வருபவர்கள் இங்கே நிறைய பேர். லேபில் தொடாததை நாங்கள் வேறு எங்கே தொடுவோம்?

தோழர்களே! ஸ்பேர் மாற்ற ஸ்பேனர் போதும். பழுது இங்கேதான் என்று விரல் வைத்துச் சொல்லத்தான் படிப்பு வேண்டும். வண்டிக்காரர் நம்மை நம்பிச் சாவியைக் கொடுக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் மரியாதை, அளந்து பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தைதான்!