தட்டினால்தான் பானை

கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிடும் நாளில் திருவனந்தபுரத்தின் தெருக்களெல்லாம் அடுப்பாகிவிடும். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. பெரும்பாலோர் முன்னாலும் ஒரு மண்பானை. அவற்றில் கணிசமானவை தமிழ்நாட்டிலிருந்து லாரியேறி வருபவை.

மூன்று செங்கல், நடுவே தென்னோலை. தீ நேராகப் பானையின் அடியில் பிடிக்கிறது. அடி மெல்லியதாக, ஒரே கனத்தில் இருந்தால் தாங்கும். தடித்திருந்தால் தீப்படும் பக்கம் விரைந்து விரியும், உட்பக்கம் பின்தங்கும், விரிசல் விழும்.

சிக்கல் என்னவென்றால், சக்கரத்தில் வனையும்போது அடி தடித்துத்தான் இருக்க வேண்டும். ஈரச் சுவரின் பாரத்தை வேறு எது தாங்கும்? பானை பெரிதாகப் பெரிதாகச் சிக்கலும் பெரிதாகிறது. கலைக்கூடங்களில் இதற்கு ஒரு வழி உண்டு. மண் பாதி உலர்ந்ததும் கலத்தைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழற்றி, இரும்புக் கருவியால் அடியைச் சீவி எடுக்கிறார்கள். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி போன்ற இடங்களில் பயின்றவர்களுக்கு இது பாலபாடம்.

நம் குயவர் பெரும்பாலும் சீவுவதில்லை, தட்டுகிறார். பாதி உலர்ந்த பானைக்குள் ஒரு கை உருண்டைக் கல்லைப் பிடித்திருக்க, மறு கை வெளியிலிருந்து மரப்பலகையால் தட்டுகிறது. தடித்த மண் மெல்ல நகர்ந்து அடியாகப் பரவுகிறது. சீவினால் மண் குறையும், தட்டினால் இறுகும். மானாமதுரைக் கடத்தின் நாதமும் இந்தத் தட்டலில் பிறப்பதுதான்.

இத்தனை தட்டலுக்கும் நாம் பேரம் பேசும் விலையில் கூலி இருக்கிறதா? மண்ணும் எளிதில் கிடைப்பதில்லை. நெல்வயலைக் காக்க 2008இல் கேரளம் சட்டம் செய்தது. தேவையான சட்டம்தான். ஆனால் வயல் மண்ணை நம்பியிருந்த குயவருக்கு மாற்று வழி வேண்டாமா? ஏரி, குளங்களில் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று தமிழக அரசு 2024இல் விதியைத் தளர்த்தியது நல்ல தொடக்கம்.

தமிழில் 'வனைதல்' இன்னும் பானையோடுதான் இருக்கிறது. மலையாளத்தில் அதன் உறவுச்சொல்லான 'மெனயுக' இன்று கதை கட்டவும் தந்திரம் வகுக்கவும் போய்விட்டது. பிழைப்புக்காகச் சொல்கூட வேறு வேலை தேடிக்கொள்கிறது. குயவரின் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?