காரின் தர்க்க சாஸ்திரம்

மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. தர்க்க சாஸ்திரம் பயிலத் தொடங்கும் மாணவனுக்கு ஆசிரியர் முதன்முதலாகச் சொல்லிக் கொடுக்கும் உதாரணம் இது. இப்பழைய அநுமானத்தைக் கார் வியாபாரிகள் திருத்தி எழுதியிருக்கிறார்கள். மலையில் கார் தெரிகிறது. ஆகவே அங்கே வீரம் உண்டு, வெற்றி உண்டு, சிரித்த முகத்துடன் மனைவி உண்டு, பின் ஆசனத்தில் ஆணொன்றும் பெண்ணொன்றுமாகக் குழந்தைச் செல்வங்கள் உண்டு. வேறு மனிதர் மட்டும் எவரும் இல்லை!

அந்நியச் செலாவணி வற்றியதால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐந்து ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த தர்க்கமும் அதனோடு கப்பலேறி வந்து சேர்ந்தது. திம்புள்ளத் தோட்டத்து லயத்தில், மழை ஒழுகும் தகரத்தின் கீழே, ஒரு காம்பராவில் ஏழெட்டுப் பேராக நெருங்கியிருந்து தொலைக்காட்சி பார்க்கும்போது இச்சாஸ்திரத்தின் நுட்பங்கள் நமக்கு நன்றாகவே விளங்குகின்றன.

முதலாவது நுட்பம், பாதை. கார் எப்போதும் வெறிச்சோடிய மலைப்பாதையில்தான் ஓடுகிறது. வளைவுக்கு வளைவு பச்சைத் தேயிலை, பனிமூட்டம், தூரத்தில் ஓர் அருவி. பத்தனைச் சந்தியிலிருந்து தலவாக்கலை வரை செல்லும் வீதியை அறிந்த எவருக்கும் இக்காட்சி பெரும் வியப்பைத் தரும். நாம் அறிந்த வீதியில் மூச்சு வாங்கும் பஸ் உண்டு. கொழுந்து லொறி உண்டு. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நடக்கும் பாடசாலைப் பிள்ளைகள் உண்டு. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும் ஆட்டோவும் உண்டு. இத்தனை பேரும் எங்கே போனார்கள்? கார் ஒன்றை வாங்கியவுடன் ஒரு ஜனசமூகமே மறைந்துவிடும் என்பதா இவ்வியாபாரிகள் தரும் உத்தரவாதம்?

சில நாடுகளின் விளம்பரங்களில் திரையின் அடியிலே, எறும்பு ஊர்ந்தாற்போல, ஓர் எச்சரிக்கை ஓடும். தேர்ந்த சாரதி, மூடப்பட்ட வீதியில் ஓட்டியது. நீங்கள் முயல வேண்டாம். உலகில் வேறு எந்தப் பண்டத்தை இப்படி விற்கிறார்கள்? இச்சோற்றைச் சமையற்காரன் ருசித்துக் காட்டினான். நீங்கள் உண்ண வேண்டாம் என்று எந்த ஹோட்டலிலாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

இக்கலைக்கு அமெரிக்கர்களே ஆதிகுரு. 1964இல் யூட்டா மாநிலத்துக் காஸில்டன் என்னும் செங்குத்துப் பாறையின் உச்சியில் செவ்ரொலே கார் ஒன்றை வைத்து, பக்கத்தில் ஒரு பெண்ணையும் நிறுத்திப் படம் பிடித்தார்கள். அவ்வுச்சிக்குச் சாலை கிடையாது. காரை ஹெலிகொப்டர் தூக்கிச் சென்றது. ஓடுவதற்காகச் செய்த ஒரு யந்திரத்தின் பெருமையை, அது ஓடவே முடியாத இடத்தில் நிறுத்தி நிரூபித்த மேதைகளை நாம் என்னவென்று போற்றுவது!

இனி நமது கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,550 ரூபாவாக உயரும் என்றும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசு மேலும் 200 ரூபா தரும் என்றும் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆக 1,750. ஒரு காரின் விலையை ஐம்பது இலட்சம் என்று மிகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு இருபத்தைந்து நாள் தவறாமல் மலையேறிக் கொழுந்து பறித்து, ஒரு வேளையும் உண்ணாமல், ஒரு முழத் துணியும் வாங்காமல் சேர்த்தால், 2,857 நாட்களில், அதாவது ஒன்பதரை வருடங்களில், கார் வாங்கிவிடலாம். அதன் பிறகு பெற்றோலுக்கு என்ன செய்வது என்று கேட்பவன் சுதந்திர வாழ்வின் சுவை அறியாதவன்!

கார் நமக்கு எட்டாதது பற்றி நாம் அழவில்லை. கார் என்பது நல்ல யந்திரம். அதைக் கண்டு பொறாமை கொள்ளவும் நமக்கு நேரமில்லை. நாம் கேட்பது வேறொன்று. இக்கார்கள் ரூபாவுக்கு வருவதில்லை, டொலருக்கு வருகின்றன. அந்த டொலர் எங்கிருந்து வருகிறது? 2024ஆம் ஆண்டில் இந்நாட்டுத் தேயிலை ஏற்றுமதி ஈட்டித் தந்தது ஏறக்குறைய 140 கோடி டொலர். திம்புள்ளத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயரே உண்டு. கூடை சுமந்த முதுகு ஈட்டிய டொலரில் கார் வருகிறது. வந்த கார் அதே மலையில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறது. படத்தில் தேயிலைச் செடி இருக்கிறது, பறித்த கை இல்லை. புகை உண்டு, நெருப்பு இல்லை என்பதல்லவா இத்தர்க்கம்?

பாதையும் அப்படித்தான். இம்மலைகளில் காடு வெட்டிப் பாதை போட்டவர் எவர்? கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் போக எஞ்சியவர்கள். சாகசப் பயணம், சாகசப் பயணம் என்று விளம்பரம் கூவுகிறதே. சாகசம் எமது பாட்டன்மாருக்குப் போதும் போதும் என்னுமளவுக்குக் கிடைத்தது.

பின்னணியில் விழும் அருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலவாக்கலைக்கு அருகே சென் கிளேயர் என்றோர் அருவி உண்டு. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், அதற்குரிய நீரைக் குறித்த நேரத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். அருவிக்கே வேலை நேரம் வகுத்த காலம் இது. பெரட்டுக்குப் போகும் நமக்கு அதன்மீது ஓர் அநுதாபம் பிறப்பது இயல்பே.

வியாபாரிகளுக்கு ஒரு விளம்பரத்தை நாமே எழுதித் தருகிறோம், கூலி வேண்டாம். மழை பெய்கிறது. புத்தம் புதிய கார் பத்தனையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் சிக்கி நிற்கிறது. வீதியோரத்தில் நோயுற்ற பிள்ளையைத் தோளிற் போட்டுக்கொண்டு ஒரு தாய். கார் நிற்கிறது, கதவு திறக்கிறது, அவள் ஏறுகிறாள். அவ்வளவுதான் கதை. வீதியை மூட வேண்டாம், ஹெலிகொப்டர் வேண்டாம். சேற்றுக் காலோடு அவள் ஏறினால் ஆசனம் அழுக்காகிவிடுமே என்ற கவலை ஒன்றுதான் மிஞ்சும். அதற்கும் ஏதேனும் ஒரு தர்க்கத்தை அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.